பச்சையாக எதுவும் கூடாது

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக்குள் இனிமேல் சத்தம் போடக் கூடாது என்று என் வீட்டுக்காரி ஆவுடை சொல்லிவிட்டாள். மருந்து ஏற்றியதிலிருந்து அவளுக்குச் சத்தம் ஆகவில்லை. எனக்கோ கத்தாமல் இருந்தால் சோறு இறங்காது. பேங்கில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். கத்த வேண்டியதை எல்லாம் இதில் கத்திக்கொள்கிறேன்.

நேற்று ஆவுடைக்கு இரண்டாவது ஊசி. மார்பில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் ஆறு ஊசி போட்டு முடித்தால்தான் விடுதலை. மூன்று வாரத்துக்கு ஒன்று. நடுவில் தள்ளிப்போகக் கூடாது, தள்ளிப்போனால் பலன் குறையும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஊசிக்கு மகள் வடிவு கோயம்புத்தூரிலிருந்து வந்து சமைத்துப் போட்டாள். அவள் லீவு முடிந்து போய்விட்டாள். இனிமேல் அடுப்பு என் கையில்.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஜெஸிந்தா, சின்னப் பெண், என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தது. ஊசி போட்ட இரண்டு வாரத்துக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காதாம். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவளைப் படுக்கப் போட்டுவிடுமாம்.

"சார், பச்சையா எதுவும் குடுக்காதீங்க. பச்சை வெங்காயம், பச்சைக் காய், தேங்காய்ச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை, ஒண்ணும் கூடாது. சமைச்சதை ஆற விட்டு வெளிய வைக்காதீங்க, அப்பப்ப செஞ்சு உடனே குடுங்க. குடிக்கிற தண்ணி நல்லாக் கொதிக்கணும். கையை சோப்புப் போட்டுக் கழுவாம எதையும் தொடாதீங்க."

"நான் முப்பது வருஷம் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர்ம்மா. என் கண்ணுல மண்ணத் தூவிட்டு எந்தக் கிருமியும் ஏற முடியாது" என்றேன். அந்தப் பெண் சிரித்தது. நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜூன் 4

ரசம் வைத்தேன். ஆவுடை ஒரு வாய் குடித்துவிட்டு, "புளி போட்டீயளா?" என்று கேட்டாள். போடவில்லை.

ஜூன் 5, வியாழன்

வாயெல்லாம் புண் வந்துவிட்டது அவளுக்கு. நாக்கு சிவந்து உரிந்து கிடக்கிறது. சூடாக ஒரு மடக்கு வெந்நீர் கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "சூடா எதுவும் குடுக்காதீங்க, வெதுவெதுப்பாக் குடுங்க" என்கிறார் டாக்டர்.

இது என்ன கூத்து? ஆற விடாதே என்கிறது அந்தப் பெண். சூடாகக் கொடுக்காதே என்கிறார் இவர். ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு மாடிதான் வித்தியாசம். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்களா மாட்டார்களா? ஆற விடாமல் எப்படி ஐயா வெதுவெதுப்பு ஆகும்? அடுப்படியில் நின்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடைசியில் எனக்கே வழி தோன்றியது. குளிக்கிற தண்ணீருக்கு நாம் என்ன செய்கிறோம்? தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கி, குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்து விளாவி, பதம் பார்த்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். "இப்பத்தான் தொண்டை நனைஞ்சிருக்கு" என்றாள். ஆறவும் விடவில்லை, சூடும் இல்லை. வடிவிடம் போனில் சமையல் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 7, சனி

கத்திகளுக்கு நூல் கட்டிவிட்டேன். கோழிக்குச் சிவப்பு நூல், காய்க்குப் பச்சை நூல். பலகையும் இரண்டு. கோழியைக் குழாயடியில் கழுவினால் தண்ணீர் தெறித்து சிங்க் முழுக்கக் கிருமி பரவுமாம், ஜெஸிந்தா சொன்னது. ஆகவே கழுவாமல் நேரே சட்டியில் போட்டு வேகவைத்தேன். அதைப் பார்த்த என் அக்கா செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்த தெருவில் இருப்பவள், சாயங்காலம் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஏலே குத்தாலம், கோழியக் கழுவாமலா போடுவ? கருமம்!"

"பச்சைக் கோழியக் கழுவுனா ஆவுடைக்கு ஆகாதுக்கா."

"என்னமோ போ. படிச்சவுக சொல்லுதாக."

கைகழுவிக் கழுவி விரல் இடுக்கு வெடித்துவிட்டது. ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அக்கா சொதி கொண்டுவந்தாள். ஆவுடைக்கு அக்கா வைக்கிற சொதி என்றால் உயிர். தேங்காய்ப்பால் போட்டது, காரமில்லாதது, வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும் என்று அவளே நினைத்து வைத்திருக்கிறாள். நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எப்போது வைத்தாய் என்று கேட்டேன். மத்தியானம் என்றாள். இப்போது சாயங்காலம். எனக்கு மனசே இல்லை. ஆவுடை கெஞ்சினாள். திரும்பக் கொதிக்கவைத்து இரண்டு கரண்டி ஊற்றினேன்.

ஜூன் 10, செவ்வாய்

விடிவதற்குள் நாலு தடவை போய்விட்டாள்.

சொதிதான். வேறென்ன?

ஜூன் 11, புதன்

நிற்கவில்லை. வயிற்றாலை நிற்கிற வரைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள். விளாவி விளாவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். கொடுக்கக் கொடுக்க அதிகமாகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மத்தியானம் காய்ச்சல் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். வெள்ளை அணு ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. படுக்கையில் அவளைப் பார்த்தால் கொடியில் காய்கிற துணி மாதிரி இருக்கிறாள். பயமாக இருக்கிறது. இதை வடிவிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று நாளில் சரியாகிவிட்டது. நானும் அதே சொதியை வழித்துத் தின்றேனே, எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரைக் கேட்டேன். "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு, அவங்களுக்கு இல்ல" என்றார். இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒருவருக்கு மட்டும் அபராதம்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கையில் தூக்குப் போணி. வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"ஒன் சொதியாலதான் அவ சாகக் கிடந்தா. இனிமே இந்த வீட்டுக்குள்ள வெளிச் சாப்பாடு வரக்கூடாது."

"ஏலே, நான் என்ன வெசமா வச்சுக் குடுத்தேன்?"

"வெசமோ என்னமோ, வரக்கூடாதுன்னா வரக்கூடாது."

அக்கா போணியை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். முதலில் கொண்டுவந்த சொதிச் சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. அதைக் கேட்கக்கூட இல்லை.

உள்ளே வந்தால் ஆவுடை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். "மதினிய ஏன் அப்படிச் சொன்னீய?" என்று ஒரே ஒரு கேள்வி. நான் செய்தது உனக்காகத்தானே என்றேன்.

ஜூன் 16

இட்லி. வெந்தது. தண்ணீர் கொதிக்கவைத்து விளாவி ஃபிளாஸ்கில் வைத்தேன், அவளுக்கு வேண்டும்போது ஊற்றிக்கொள்ளலாம். இன்று நல்ல நாள். சாரல் காற்று.

ஜூன் 18, புதன்

லேசாக வயிறு இரைகிறது என்கிறாள். பால்காரர் மாடசாமியை வழியில் நிறுத்தி விசாரித்தேன்.

"தண்ணி கலக்குதீரா?"

"சார், நீங்க பஸ்ஸவிட்டு இறங்கி ஆறு வருஷம் ஆச்சு" என்றார் அவர்.

பாலை மூன்று தடவை பொங்கவைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. கடவுளே!

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். சொதி இல்லை. அக்கா இல்லை. பாக்கெட் பாலுக்கு மாறியாயிற்று. கறி நிறுத்தியாயிற்று. முட்டை கல் மாதிரி வெந்தது. கருவேப்பிலையைக்கூட உப்புத் தண்ணீரில் அலசித்தான் போடுகிறேன். அடுப்படித் துணியைத் தினமும் கொதிநீரில் போட்டுக் காயவைக்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறேன். ஈ கிடையாது. எறும்பு கிடையாது. ஆஸ்பத்திரியில் மூன்று நாளில் சரியாகிறவள் வீட்டுக்கு வந்தால் விழுகிறாள்.

என் சர்வீஸில் இப்படி ஒரு வண்டி உண்டு. ஆளை எண்ணினால் ஒன்று அதிகம், டிக்கெட்டை எண்ணினால் ஒன்று குறைவு. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனால் எல்லார் கையிலும் டிக்கெட் இருக்கும். இறங்கி நின்று தலையைச் சொறிவேன். அந்த மாதிரிதான் இருக்கிறது. ஆள் வண்டிக்குள்தான் இருக்கிறான், என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாக ஒன்றொன்றாகக் கேட்டது.

"தண்ணி கொதிக்க வைக்கிறீங்களா சார்?"

"தளதளன்னு கொதிக்க வைக்கிறேன்."

"மூடி வைக்கிறீங்களா?"

"ஃபிளாஸ்க்ல இருக்கும்மா, மூடாம என்ன?"

"அப்ப தண்ணி ஓகே. காய்கறி?"

நான் சொன்ன எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். சரியாக இருந்தால் அவள் ஏன் அரைமணிக்கு ஒருதரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்? இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 23, திங்கள்

மூன்றாவது ஊசி போடவில்லை.

ரத்தம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நிலையில் மருந்து ஏற்றினால் தாங்க மாட்டாளாம். அடுத்த திங்கள் வரச்சொல்கிறார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுக்குள்ள வயிறு நிக்கணும். இன்னும் தள்ளுனா இதுவரைக்கும் போட்டதே வீணாப் போயிரும்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது ஆவுடை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன செய்வீய, ஒங்களால முடிஞ்சத செய்யுதீய" என்றாள். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் போட்டேன்.

ஜூன் 24

அவளுக்குப் பசி இல்லை. எனக்கும் இல்லை. கஞ்சி.

ஜூன் 25, புதன்

இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 26, வியாழன்

நேற்று எழுதியது பொய். எழுத வேண்டியது இருந்தது. பேனா ஓடவில்லை.

நேற்றுக் காலையில் படுக்கையிலேயே கிடந்து அலுத்துப்போய், கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்காருகிறேன் என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். நான் சமைக்கத் தொடங்கியதிலிருந்து அவள் அடுப்படிக்குள் வருவது இதுதான் முதல் தடவை. நூல் கட்டிய கத்திகளைப் பார்த்து, "கல்யாண வீட்டுக் கங்கணம் மாதிரியில்லா கட்டி வச்சிருக்கீய" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எப்படி எல்லாம் செய்கிறேன் என்று அவளுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவள் கேட்காமலே, இது காய்ப் பலகை, இது சோப்பு, இது கொதிநீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

தண்ணீர் கொதித்தது. இறக்கினேன். குடத்தில் செம்பை விட்டு மொண்டேன்.

"என்ன செய்யுதீய?"

"வெளாவுதேன். ஒனக்கு வாய்ப்புண்ணுலா."

"தினமும் இப்படித்தானா?"

"பின்ன? ஆற வைக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லிருக்கில்லா."

அவள் செம்பையே பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, போகாமல் அப்படியே நின்றது.

"கொடத்துல இருக்கது என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான். பச்ச—"

வாய் அதோடு நின்றுவிட்டது.

பச்சைத் தண்ணி. பச்சைக் கோழியைக் கழுவக் கூடாது என்று அக்காவோடு வாதாடினேன். பச்சைத் தேங்காயைக் கையால் தொடவில்லை. பச்சையாக எதுவும் கூடாது, கூடாது என்று இந்த வீட்டுச் சுவருக்கெல்லாம் பாடம் நடத்தினேன். பிறந்ததிலிருந்து பச்சைத் தண்ணி, பச்சைத் தண்ணி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் பச்சை என்று ஒரு சொல் இருப்பது நேற்றுத்தான் என் காதில் விழுந்தது.

கையில் செம்பு. கீழே வைக்கவும் தெரியவில்லை, ஊற்றவும் தெரியவில்லை. முட்டாப்பயல் நான். வயிறு போகப் போக, நானே ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்.

"ஆவுடை" என்றேன்.

அவள் மெள்ள எழுந்து வந்து என் கையிலிருந்த செம்பை வாங்கி, அந்தத் தண்ணீரை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினாள். பிறகு, "இன்னொரு சட்டி வைங்க. கொதிக்க வச்சு, மூடிபோட்டு, அப்படியே ஆறட்டும்" என்றாள்.

"ஆற வைக்கக் கூடாதுன்னு—"

"அது சோத்துக்கும் கொழம்புக்கும் சொன்னதுங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 27, வெள்ளி

குடத்தைப் பார்த்தேன். உள்ளே கையை விட்டால் அடியில் வழவழவென்று இருக்கிறது. தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். கத்திக்கு நூல் கட்டியவன் குடத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

வயிறு நின்றிருக்கிறது.

ராத்திரி வடிவு போன் செய்தாள். என்னப்பா காரணம் தெரிஞ்சுதா என்று கேட்டாள். ஆவுடை போனை வாங்கி, "நாந்தான் அவுகளுக்குத் தெரியாம மாம்பழம் தின்னுட்டேன்" என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28, சனி

தூக்கம் வரவில்லை. காலையில் வடிவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஜெஸிந்தாவுக்கும் சொன்னேன். அந்தப் பெண், "சார், நானும் விளாவுறீங்களான்னு கேட்டிருக்கணும். எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றது. எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கலாம்.

வடிவு என்ன சொன்னாள் என்பதை எழுதவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாது என்பதுகூட எனக்குத் தெரியாதா? ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"ஒன் சொதி இல்லக்கா. நாந்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பச்சத் தண்ணியவா ஊத்துன?"

"ஆமாக்கா."

"நாசமாப் போறவனே" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அவ எப்படி இருக்கா?"

"நாலு நாளா நிக்கிது. நாளைக்கு ஊசி."

அக்கா சட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரும்போது செருப்பைத் தேடினாள். "நட. என் கண்ணு முன்னால அடுப்புல வச்சு, என் கையால ஒனக்குச் சொதி வைக்கக் கத்துத் தாரேன். வச்ச கையோட அவளுக்குக் குடுப்போம்."

கையைக் கழுவுக்கா என்று வாய்வரைக்கும் வந்தது. அவளே உள்ளே வந்ததும் சோப்பை எடுத்தாள்.

ஜூன் 30, திங்கள்

ரத்தம் பார்த்தார்கள். போடலாம் என்றார் டாக்டர்.

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்றாவது ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் முன்பு மாத்திரை போட வேண்டும் என்று நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. கொதிக்கவைத்தது, ஆவி பறக்கிறது. பக்கத்து மேஜையில் ஒரு ஜக்கில் குளிர்ந்த தண்ணீரும் இருந்தது. யாருடையதோ, எங்கே பிடித்ததோ. என் கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

ஆவுடை கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வெளாவலையா?" என்றாள்.

நர்ஸ் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றது. "ஒண்ணுமில்லம்மா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பரீட்சை வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள். சிரிக்கும்போது வாய்ப்புண் இழுத்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நர்ஸிடம் இன்னொரு சுத்தமான டம்ளர் கேட்டு வாங்கினேன். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றவன் நான். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, கையை உயர்த்தி, தாழ்த்தி, ஊற்றினேன். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. ஆவி குறைகிற வரைக்கும் மாற்றி மாற்றி ஊற்றினேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

"போதும், குடுங்க" என்றாள்.

ஆற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.